நான் எடுத்துக் கொடுத்த நிக்காஹ் காகிதம்

அமாரா,
வியாழன், லுஹர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் கஸ்வானுக்கு, உன் தந்தை ஜாசிப் சலாம் சொல்லி எழுதுவது. நீயும் மருமகளும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் துஆ கேட்கிறேன். இங்கே உன் தாய்க்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, என் முழங்கால் பழையபடிதான், உன் தங்கை சுஹாத் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறாள், வருகிறாள், கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். நீ ஃபோன் செய்யும்போதெல்லாம் அவள் மகள் ஹவ்ரா தூங்குகிறாள், குளிக்கிறாள் என்று நான் சொன்னது பொய். குழந்தை இந்த வீட்டை விட்டுப் போய் இருபத்திரண்டு நாளாகிறது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

குடும்பச் சட்டத்தை அவரவர் மார்க்கப் பிரிவின்படி மாற்ற வேண்டும் என்று பக்தாதில் பேச்சு எழுந்தபோது, நம் தெருப் பள்ளிவாசலில் ஆதரவுக் கையெழுத்து வாங்கியவன் நான்தான், உனக்கே தெரியும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்து கதவைத் தட்டினால் யார் மறுப்பார்கள், மூன்று நாளில் நானூறு பெயர் சேர்த்தேன். நீ அன்றைக்கு ஃபோனில், "சட்டம் போடறவன் அல்லாஹ் இல்ல யாபா, ஓட்டு வாங்கி வந்தவன்" என்று கத்தினாய், நான் "குளிர்ல உனக்கு மூளை உறைஞ்சு போச்சாடா" என்று வைத்துவிட்டேன். உன் பெரியப்பாவை நீ பார்த்ததில்லை. முஹர்ரத்தில் ஓர் அண்டா ஹரீஸாக் கஞ்சி கிண்டித் தெருவுக்குக் கொடுத்தார் என்பதற்காக, நம் முஹர்ரம் துக்கத்துக்கே தடை போட்டிருந்த பழைய ஆட்சியில் பிடித்துப் போனார்கள், எலும்பைக்கூடத் திருப்பித் தரவில்லை. படைத்தவனுக்குப் பயந்தவர்கள் சட்டம் செய்தால் எளியவர்களுக்கு நீதி கிடைக்கும் என்று நான் மனதார நம்பினேன் மகனே, அதில் கள்ளம் இல்லை.

சட்டம் வந்து சில மாதம் கழித்து, ஒரு காலையில் அகீல் வந்தான். சுஹாதைத் தலாக் சொல்லி நான்கு வருடமாக இந்த வாசலை மிதிக்காதவன், ஒரு தட்டு எருமைப் பாலேடும் சுடுரொட்டியும் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, இத்தனை நாள் புத்தி கெட்டுத் திரிஞ்சேன், இனிமே எல்லாத்தையும் மார்க்கப்படி சரி பண்ணிக்கணும், எங்க நிக்காஹுக்கு சய்யித் எழுதின காகிதம் உங்ககிட்ட இருக்குல்ல" என்று கேட்டான். கோர்ட்டுப் பதிவுக்கு முன்னால் வீட்டில் நம் பள்ளிவாசல் சய்யித் நடத்தி வைத்தாரே, பெண்ணின் பொறுப்பாளன் என்று நான் கையெழுத்துப் போட்டது, அந்தக் காகிதம். சுஹாத் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கொடுக்கலாமா என்று இறைவனிடம் கேட்டு, நான் தஸ்பீஹ் மணியை எடுத்துக் கண்ணை மூடிப் பிடித்து எண்ணிப் பார்த்தேன், நல்லது என்றே விழுந்தது. உன் தாய் சமையலறையிலிருந்து "மகள் வரட்டுமே, அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அவன் நெற்றியில் முத்தமும் வைத்து அனுப்பினேன் நான். குடிகாரன் திருந்திவிட்டான் என்ற சந்தோஷத்தில் அந்தப் பாலேடு முழுவதையும் நானே தின்றேன். பாவி நான்.

அவன் அந்தக் காகிதத்தோடு நேராகக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறான். பழைய சட்டப்படி பதிவான திருமணத்தை நம் பிரிவின் விதிக்கு மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறான். பெண்ணைக் கேட்க வேண்டியதில்லையாம், மாற்றிய பிறகு தெரியப்படுத்தினால் போதுமாம். பழைய சட்டத்தில் குழந்தை பத்து வயது வரைக்கும், தேவைப்பட்டால் பதினைந்து வரைக்கும் தாயிடம் இருக்கலாம், புதிய விதியில் ஏழு முடிந்தால் தந்தையிடம். ஹவ்ராவுக்கு ஏழு முடிந்து பதினோராம் நாள் போலீஸ்காரர் இருவரோடு வந்து நின்றான். அவர்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே தாளை நீட்டினார். சுஹாத் கத்தவில்லை, குழந்தைக்குத் தலை வாரிவிட்டாள், ரொம்ப நேரம் வாரினாள். ஹவ்ரா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, நீங்கதான ஹெட்மாஸ்டர், போகச் சொல்லுங்க இவங்கள" என்றாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெள்ளிதோறும் இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று தீர்ப்பில் இருக்கிறது. மூன்று வெள்ளி போனோம், ஒரு முறைதான் கதவைத் திறந்தார்கள்.

நான் சய்யிதிடம் போய் அழுதேன். "ஹாஜி, சட்டம் சரியானது, ஆள்தான் கெட்டவன், பொறுமையா இருங்க, இதை வெளியில பேசி மார்க்கத்துக்குக் கெட்ட பேர் வாங்கித் தராதீங்க" என்றார். சுஹாதின் வக்கீல் அம்மாள் வேறு மாதிரி சொன்னார். காகிதத்தை ஏமாற்றி வாங்கினான் என்று நான் நீதிபதி முன் நின்று சொன்னால் மேல்முறையீட்டில் ஒரு நூல் அளவு வழி இருக்கிறதாம், ஜெயிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டாராம். சொல்வதென்றால் முதலில் சுஹாதுக்குச் சொல்ல வேண்டுமே. காகிதம் எப்படி அவன் கைக்குப் போனது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது, திருடியிருப்பான் என்று நினைத்திருந்தாள். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு சொல்லிவிட்டேன். இறைவன் விதி, மணியில் கூட நல்லது என்றுதான் விழுந்தது என்று ஏதேதோ உளறினேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல், "அல்லாஹ்வை ஏன் யாபா இழுக்கறீங்க, அவர் இந்த வீட்டுக்கு வந்து காகிதம் கேட்டாரா, குடுத்தது நீங்க" என்றாள். மடித்தது எல்லாம் ஹவ்ராவின் துணி.

ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறேன். பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள், எடுக்கட்டும். என் தொழுகை குறையவில்லை, ஆனால் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்துக் கேட்பதற்கு இப்போது ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. நீ திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. தங்கையோடு பேசு, மழை, வேலை என்று எதையாவது பேசு.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும், உன் வருங்காலப் பிள்ளைகளை உன் கையாலேயே வளர்த்து ஆளாக்கும் பாக்கியமும் தரட்டும். ஒன்று மறக்காதே. ஹவ்ராவுக்கு நீ வாங்கி வைத்திருக்கும் கம்பளிக் கோட்டை இங்கே அனுப்ப வேண்டாம், அகீல் வீட்டுக்கே அனுப்பு. மேலே அவன் பெயரை மட்டும் எழுது. உன் தங்கை பெயர் இருந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

உன் மன்னிப்பையும் வேண்டும்
தந்தை ஜாசிப்