ஏழு என்று எழுதிய தாள்

அண்ணாச்சி,

இன்று காலை வலிக் குறிப்புத் தாள்கள் தீர்ந்துபோயின. புதிய தாள்கட்டு ஒன்றை எடுக்க மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன்; நான்காக மடித்த உங்கள் தாள் கைக்கு வந்தது. நீல மையில், அரை மணிக்கு ஒன்றாக, ஏழு, ஏழு, ஏழு, எட்டு, ஏழு. நோயாளியின் தாள் அவருடைய கோப்பில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை நான் மீறியது இந்த ஒரு தாளுக்காக மட்டுமே.

முதுகுவலிக்காக என்னிடம் முதன்முதலில் வந்த அன்று, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து திருநெல்வேலி வரை, இருக்கை காலியாக இருந்தும் பேருந்தில் நின்றபடியே வந்திருந்தீர்கள். நூல் ஆலையில் முப்பது ஆண்டுகள் நின்று உழைத்த உங்களுக்கு, ஓய்வு பெற்றபின் உட்காருவதே தண்டனையாகிவிட்டது. இரண்டு மாதத்தில் மகளுக்குத் திருமணம்.

"மணவறையில சம்மணம் போட்டு உக்காந்து பிள்ளையத் தாரை வார்த்துக் குடுக்கணும் டாக்டர். நாற்காலியெல்லாம் எனக்குச் சரிப்படாது."

ஸ்கேன் படத்தில் முதுகெலும்பின் சிறு மூட்டுகள் தேய்ந்திருந்தன. வலியின் மூலம் அங்கேதான் என்று எனக்கு ஐயமே இல்லை. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டு, அந்த மூட்டுகளிலிருந்து வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகளின் அருகே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினேன். அது சோதனை ஊசி. சில மணி நேரமாவது வலி பாதிக்குமேல் தணிந்தால், அதே நரம்புகளை வெப்பத்தால் செயலிழக்கச் செய்து நீண்டநாள் நிவாரணம் தரலாம். தணியாவிட்டால் அவற்றைத் தொடக் கூடாது. ஆகவே நோயாளி உட்கார்ந்தும் எழுந்தும் பார்த்து, சுழியம் முதல் பத்துவரை தம் வலிக்கு ஓர் எண் எழுத வேண்டும்.

உள்ள வலியை உள்ளபடி எழுத வேண்டும் என்ற இந்த விதியைத் தாமிரபரணிக் கரையில் காப்பாற்றுவது கடினம். "சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்பதே நம் மரியாதை. ஊசி போட்டவர் மனம் நோகக் கூடாதென்று, பல்லைக் கடித்துக்கொண்டு சுழியம் எழுதியவர்களை நான் அறிவேன். உங்கள் வீட்டம்மாவும் அந்த மரபைச் சேர்ந்தவர்.

"இந்தாங்க, ரெண்டுன்னு போடுங்க. டாக்டர் எவ்வளவு பாடுபட்டிருக்காவ!"

"ஏட்டி, வலி உனக்கா எனக்கா? சும்மா இரி."

வெப்பச் சிகிச்சைக்கு நான் முன்கூட்டியே நாள் குறித்துவைத்திருந்தேன். உங்கள் தாளைப் பார்த்ததும், ஒப்புக்கொள்கிறேன், சற்றே சினம் வந்தது. "கொஞ்சங்கூடவா குறையவில்லை?" என்று விறைப்பாகக் கேட்டேன்.

"குறையலியே டாக்டர். நீங்க ஊசி நல்லாத்தான் போட்டீய. நூலு அறுந்தது அங்கன இல்ல, அவ்வளவுதான். அறுந்த இடத்த விட்டுட்டு வேற இடத்துல முடிச்சுப் போட்டா மெஷின் ஓடுமா?"

உங்களை மறுபடி படுக்கவைத்து, முதல்நாளே நான் பொறுமையாகச் செய்திருக்க வேண்டிய சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். இடுப்பெலும்பு கீழ்முதுகோடு சேரும் மூட்டை அழுத்தியபோது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டீர்கள். இரண்டு வாரம் கழித்து அங்கே சோதனை ஊசி போட்டேன். ஒன்று, இரண்டு, ஒன்று என்று எழுதினீர்கள். மருந்தின் வேகம் தணிந்ததும் ஒளிக்காமல் ஆறு என்றும் எழுதினீர்கள்.

"நல்ல நம்பரா வரும்போதே பேனாவ மூடியிருக்கக் கூடாதா?" என்று உங்கள் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மூட்டு எதுவென்று உறுதியானபின் அதற்குரிய சிகிச்சையைச் செய்தேன். அன்று உங்கள் சொல்லை நான் கேட்டிராவிட்டால், குற்றமற்ற நரம்புகளைச் சுட்டுவிட்டு, உங்களை அதே வலியோடு மணவறைக்கு அனுப்பியிருப்பேன்.

திருமணத்துக்கு வந்திருந்தேன். சம்மணமிட்டு, முதுகு நிமிர்ந்து, மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தீர்கள். தூரத்திலிருந்து புருவத்தை உயர்த்திக் கேட்டேன். மேளச் சத்தத்தின் நடுவே, ஊரே பார்க்க, இரண்டு விரல்களைக் காட்டினீர்கள். அந்த மங்கல வேளையிலும் உங்களுக்குச் சுழியம் காட்டத் தோன்றவில்லை. என் கைவேலையை எண்ணி ஒரு பங்கும், உங்கள் விரல்களை எண்ணி மூன்று பங்கும் பெருமை கொண்டேன்.

அன்றுமுதல், தாளைக் கொடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: "பலன் இல்லையென்றால் அதையே எழுதுங்கள். எனக்கு நீங்கள் செய்யும் உதவி அதுதான்." அவர்கள் ஒன்பது என்று எழுதும்போது இப்போது எனக்குச் சினம் வருவதில்லை. ஊசிமுனையை வேறிடம் தேடச் சொல்கிறார்கள் என்று புரிகிறது.

சென்ற மாதம், உங்கள் இதயம் நின்ற மூன்றாம் நாள், துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தேன். அந்த நிலையிலும் உங்கள் வீட்டம்மா மரபு தவறாமல் கேட்டார்: "டாக்டர் சுகமா இருக்கியளா?"

சுகம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சுவரில் மாலையிட்ட படத்திலிருந்து நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இல்லம்மா," என்றேன். "சுகமா இல்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "அவிய கூடப் பழகினா அப்படித்தான் ஆயிரும்."