எல்லாப் பெயரும் ஒரே பெட்டியில்

நிலவுத் தென்தளம், கட்டுப்பாட்டறை. திங்கள், 09.10
காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. தளத்தில் இருவர்: ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை நான், தோட்டக்கூடத்தில் தாவரப் பொறியாளர் ஜெனிட்டா. பெயர்ச் சேவையகம் மட்டும் மந்தம். படிப்பவருக்காகச் சொல்கிறேன்: ஒரு கருவி இன்னொன்றை அழைக்க, அதன் பெயரைச் சொல்லிச் சேவையகத்திடம் எண்ணைக் கேட்கும்.

செவ்வாய், 11.40
காரணம் தெரிந்தது. சேவையகம் பெயர்களை முதல் எழுத்துகளைப் பார்த்துப் பெட்டிகளில் பிரித்து நினைவில் வைக்கிறது. நம்மவர்கள் ஊர், அப்பா, பிறகு தங்கள் பெயர் என்று எழுதிப் பழகியவர்கள். எல்லாக் கருவிக்கும் தளத்தின் பெயரை முன்னால் வைத்துவிட்டார்கள். தென்தளம்-தோட்டம்-காற்றுவால்வு. தென்தளம்-கட்டுப்பாடு-காற்றுவால்வு. எல்லாம் ஒரே பெட்டிக்குள். வகுப்பின் நோட்டுகளை ஒரே தட்டில் அடுக்கினால், ஒன்றை எடுக்க எல்லாவற்றையும் புரட்டத்தானே வேண்டும்.

ஜெனிட்டா வானொலியில்: "டீச்சர், பொத்தான அமுக்கிட்டு ஒரு சாயா குடிச்சு முடிச்சாத்தான் இங்க காத்து வருது."

புதன், 15.20
தோட்டத்தின் வால்வு திறக்கவில்லை. பதில் தாமதித்தால் பாதுகாப்புக்காக மூடியே இருக்கும். கதவும் அப்படித்தான்; இரண்டையும் தோட்டத்தின் உள்ளே இருக்கும் பொத்தான் பலகையிலிருந்துதான் திறக்க முடியும். அவள் உள்ளே. கூடம் சிறியது, செடிகள் இன்னும் நாற்றுகள்; இருக்கும் காற்று அதிக நேரம் தாங்காது.

"பயமொண்ணும் இல்ல டீச்சர். கொஞ்சம் வெரசா பாருங்க."

பெயர்களின் முன்பகுதியை வெட்டுகிறேன். கருவியின் பெயர் மட்டும் போதும்.

15.31
பதில்கள் நொடியில் வருகின்றன. அவளிடம் அழுத்தச் சொன்னேன்.

15.38
"பச்சை விளக்கு எரியுது. காத்து வரல்ல."

மறுபடி அழுத்தினாள். என் தலைக்கு மேல் வால்வு திறந்தது.

இரண்டின் பெயரும் இப்போது காற்றுவால்வு. இரண்டு செல்விகள் இருக்கும் வகுப்பில் இனிஷியல் இல்லாமல் கூப்பிட்டதுபோல் ஆகிவிட்டது. சேவையகம் முதலில் கிடைத்த எண்ணைத் தந்துவிட்டது.

15.52
பழைய பெயர்களை ஏற்றிவிட்டேன். பயனில்லை. தோட்டத்தின் பலகை தவறான எண்ணைத் தன் நினைவில் வைத்துக்கொண்டது. மாலைவரை மறுபடி கேட்காது. அணைத்துப் போட்டுப் பார்த்தாள். மறக்கவில்லை. ஓடிப்போய்த் தோட்டக்கூடத்தின் கதவை இழுத்தேன். அசையவில்லை.

"நான் அமுக்குறது அங்கயா வருது? நல்லா இருங்க டீச்சர்." சிரித்தாள். இருமினாள்.

16.15
பேச்சு நின்றுவிட்டது. அழுத்துகிறாள். என் வால்வு திறக்கிறது, மூடுகிறது. திறக்கும்போதெல்லாம் அவள் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்கிறேன்.

16.34
திறக்கவில்லை.

ஜெனிட்டா, அழுத்தும்மா. இன்னும் ஒரு தடவை