பாப்பாத்தி வீட்டு எழவு

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

சொன்ன பேச்சு கேட்காமல் இன்று பாப்பாத்தி வீட்டுக்கு எழவு கேட்கப் போனேன். கொரோனாவில் அவள் புருஷனை ஆஸ்பத்திரியிலிருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பயத்தில் தெருவில் ஒருவரும் துக்கம் கேட்கப் போகவில்லை. அன்றிலிருந்து அவள் அழவும் இல்லை, வாசலுக்கு வரவும் இல்லை.

என் மகன் குமரேசன் தடுத்தான். "ஏம்மா, இத்தன வருசங் கழிச்சு யாராச்சும் எழவு கேப்பாங்களா? அவங்களுக்குத் தூங்கறதுக்கு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காருல்ல, சித்த கம்முனு இருங்க."

மாத்திரையை நான் வேண்டாமென்றேனா? அதையும் தின்னட்டும். துக்கத்துக்கு ஆள் வராததற்கு எந்தக் கடையில் மாத்திரை இருக்கிறது?

தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, வாசலிலேயே ஒப்பாரி எடுத்து உள்ளே நுழைந்தேன். பாப்பாத்தியின் தோளைக் கட்டிக்கொண்டோம். ஒவ்வொருத்தியும் கொரோனாவில் போன தன் வீட்டு ஆளுக்கும் சேர்த்து அழுதாள். பாப்பாத்திக்கு மட்டுமா தூக்கம் போனது? தெருவுக்கே போயிருந்தது.

அவள் மட்டும் கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பிடித்துத் தள்ளினாள். "ஏனக்கா, இப்ப வந்து அழுவறீங்களே, எம்பட ஊட்டுக்காரரைத் தூக்க அன்னிக்கு ஒரு நாதியில்லையே, எல்லாரும் எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டுக் கதறினாள்.

இருட்டும்வரை திட்டினாள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இருந்ததையும் கெடுத்துட்டீங்களேம்மா" என்கிறான் குமரேசன். கெடுத்தால் கெடுத்ததாகவே இருக்கட்டும். அவள் வாய் திறந்துவிட்டாள். நாளைக்கும் போய் உட்காருவேன், மிச்சத்தையும் திட்டட்டும்.