கடைன்னு மட்டும் எழுதாதீங்க

அண்ணே,

இன்று காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் வாசலில் ஓர் அழைப்பிதழ். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீட்டுக் கல்யாணம். மணமக்கள் பெயரையெல்லாம் தாண்டி என் கண் கடைசி வரியில் போய் நின்றுவிட்டது. ‘இல்லத்துக்கு வழி: மந்தைவெளி, பஞ்சர் கடை எதிரில்.’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பஞ்சர் கடை? இவரே மனுக் கொடுத்து லாரியில் ஏற்றி அனுப்பிய கடையா? அந்த இடத்தில் இப்போது இருப்பவை இரண்டு சிமெண்ட் தொட்டிகளும் அவற்றில் காய்ந்துபோன குரோட்டன்ஸும்தான். நீங்கள் வேண்டாமாம், ஆனால் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வழி காட்ட மட்டும் உங்கள் கடை வேண்டுமாம். அச்சடிக்கக் கொடுக்கும்போது கொஞ்சமாவது கூசியிருக்காதா?

நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. இந்தக் கோபத்தை உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில் உங்களுக்கு இருந்தது ஒரு கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மரப்பெட்டி, வந்தவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். காலையில் கம்ப்ரசர் மேலிருக்கும் சாக்கை எடுத்துவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, கிளையில் ஒரு பழைய டயரை மாட்டுவீர்கள். டயர் தொங்கினால் கடை உண்டு. இல்லையென்றால் நீங்கள் சாப்பிடப் போயிருக்கிறீர்கள் என்று தெருவுக்கே தெரியும். என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு முதல் தடவை வந்த அன்று, “இப்பதான் கடய தொறந்தேன்” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கதவே இல்லையே அண்ணே, எதைத் திறந்தீங்க?”

“கதவு வச்சிக்கினு கீறவன் மூடறதுக்கோசரம் வச்சிக்கினு கீறான் டீச்சர். எனுக்கு இன்னாத்துக்கு அது? குந்துங்க, வீல கயட்டணும்.”

அன்று பிரார்த்தனை மணிக்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியதைப் பிறகு பல வருஷம் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பஞ்சர் கடையில் எதையும் விற்பதில்லை. சலூன் கடையிலும் இஸ்திரி கடையிலும் அப்படித்தான். ஒருவர் தினமும் ஒரே இடத்தில் இருந்து நம் வேலையைச் செய்துகொடுத்தால் போதும், தமிழில் அதைக் கடை என்று சொல்லிவிடுகிறோம். சுவர் இருக்கிறதா, கூரை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடி குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். “அட போங்க டீச்சர், அந்த வார்த்தையே இப்ப கெட்டுப்போச்சு. கடைக்குப் போறேன்னு சொன்னா ஊட்ல என்னிய ஒரு மாரி பாக்குது. சரக்கு விக்கற எடத்துக்குத்தான் இப்ப கடைன்னு பேரு. நானு பஞ்சர் கடைன்னு முழுசா சொல்லிட்டுத்தான் கெளம்பறேன்” என்றீர்கள். பக்கத்தில் காற்றடிக்க நின்ற ஆட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தி. நகருக்குப் போனால் ஏழு மாடி, எட்டு மாடி எழுப்பி ஸ்டோர்ஸ் என்று பெயர் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுடைய ஜெனரேட்டரும் அலங்கார வளைவும் நடைபாதையில்தான் நிற்கின்றன. நான் சாலையில் இறங்கி, பஸ்ஸுக்குப் பயந்து பயந்துதான் அவற்றைத் தாண்டிப் போகிறேன். அதைப் பற்றி யாரும் மனு எழுதியதாகத் தெரியவில்லை. ஒரு கம்ப்ரசரும் ஒரு ஸ்டூலும்தான் இந்த ஊரின் அழகைக் கெடுத்துவிட்டனவாம்.

மனு என்றதும்தான் நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது முன்னால் வந்து நிற்கிறது.

கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுச் சங்கக் கூட்டம் நடந்தது. கேட்டுக்கு வெளியே அழுக்காக இருக்கிறதாம், ஃபிளாட்டின் மதிப்பே குறைகிறதாம். “மேடம், உங்க தமிழ் நல்லா இருக்கும், நீங்களே எழுதிடுங்க” என்றார் செயலாளர். ‘எங்கள் வாயிலருகே உள்ள பஞ்சர் கடையை வேறு இடத்துக்கு மாற்றித் தருமாறு’ என்று தொடங்கினேன். வேறு இடம் கொடுப்பார்கள், உங்களுக்கும் கெடுதல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“கடைன்னு மட்டும் எழுதாதீங்க மேடம். அங்க ஒரு கடை இருக்குன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் அவன் மாத்து இடம் கொடுன்னு நிப்பான். இடையூறுன்னு போடுங்க.”

தவறான சொல்லைப் போட்டதற்காக எத்தனையோ பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைத்தவள் நான். அன்று ‘கடை’யை அடித்துவிட்டு ‘இடையூறு’ என்று எழுதினேன். மூன்றாவது மாடியில் தனியாக இருப்பவள் இவர்களைப் பகைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்ற பயம்தான். முதல் கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து, காற்றடிக்க வந்த என்னிடம் நீங்கள் மாநகராட்சியிலிருந்து வந்த ஒரு தாளை நீட்டினீர்கள். “கண்ணாடிய ஊட்ல உட்டுட்டேன் டீச்சர். இன்னா எழுதிகீதுன்னு படிச்சுச் சொல்லுங்க.” பொதுமக்கள் அளித்த மனுவின் பேரில் நடைபாதையில் உள்ள இடையூறு அகற்றப்படும் என்று இருந்தது. என் வாக்கியத்தைத்தான் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். படித்தேன். நீங்கள் நெற்றியைச் சுருக்கினீர்கள்.

“கடைன்னு எங்கியாவது போட்டுகீதா?”

“இல்லண்ணே.”

“அப்ப அந்த டிரான்ஸ்பார்மராண்ட கொட்டி வச்சிக்கினு கீறாங்களே, அந்த மண்ணு மேட்ட சொல்றாங்க. எடுத்தா நல்லதுதான். என் கடைய சொல்லலியே?”

“இல்லண்ணே” என்றேன் மறுபடியும். தாளை மடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் சாமான்களையாவது நீங்கள் காப்பாற்றியிருப்பீர்கள். நீங்களோ மறுநாளும் டயரை மாட்டினீர்கள்.

அதற்கும் மறுநாள் லாரி வந்தது. கம்ப்ரசரை நான்கு பேர் தூக்கிப் போட்டார்கள், தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தார்கள். “கடைய கட்டுப்பா, கடைய கட்டு” என்று லாரிக்காரர் கத்தினார். காகிதத்தில் எங்குமே இல்லாத கடை, காலி பண்ணும்போது மட்டும் கடையாகிவிட்டது. மேலே பால்கனியில் நான் நின்றுகொண்டிருந்தேன், இறங்கி வரவில்லை. மண் மேட்டை யாரும் தொடவில்லை, அது இன்றைக்கும் இருக்கிறது.

பிறகு நீங்கள் நந்தனத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கூலிக்கு வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு வந்தேன். சிரித்தபடி வந்து வண்டியை வாங்கினீர்கள். “இது நம்ம கடை இல்ல டீச்சர். காத்து அடிக்கறதுன்னாலும் ஓனர கேக்கணும்” என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தீர்கள். அந்த நடையைப் பார்க்க என்னால் முடியவில்லை. அன்றும் உண்மையைச் சொல்லாமலே காற்றடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உங்கள் சாவுக்கு மறுவாரம் உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி டீ போட்டுக் கொடுத்தார். சங்கத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள் என்று பின்னால் யாரோ உங்களிடம் சொன்னார்களாம். நீங்கள் அவரோடு சண்டைக்கே போனீர்களாம்.

“‘டீச்சர் அதுல இருக்கவே மாட்டாங்க’ன்னு சொல்லிக்கினே இருந்தாரும்மா” என்றார் அண்ணி. “‘அந்தப் பேப்பர படிக்கறப்ப அவங்களுக்கே ஒண்ணும் தெரியாது, பாவம். தெரிஞ்சா என்னாண்ட சொல்லாம போவாங்களா?’ன்னு ஆஸ்பத்திரில கூட கேட்டாரு.”

டீயைக் குடித்து முடித்து, வருகிறேன் என்று மட்டும் சொல்லி எழுந்து வந்துவிட்டேன், அண்ணே. அந்தச் செயலாளர் மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதி என் மேல்தான். நீங்கள் என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். நல்லவள் என்றே நம்பிவிட்டுப் போய்விட்டீர்கள். அதை நான் இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பேன்?