கல்குடாக் கோச்சியும் எங்கள் பங்கரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

காய்ச்சலில் நீங்கள் போய் ஐந்து வருசம். என் மேலிருந்த கோபம் ஆறியிருக்குமா? எங்கள் ஸ்டேசனுக்குத் திரும்பவும் கோச்சி வரப்போகிறது அண்ணன்! தண்டவாளம் போடுகிறவர்கள் பக்கத்து வாழைச்சேனை வரைக்கும் வந்துவிட்டார்கள். சண்டை நின்று ஒரு வருசமாகிறது. சனம் பயமில்லாமல் கடலுக்குப் போகிறது.

ஆவணி லீவில் கடல் குளிக்க வருகிறவர்களுக்கென்று கொழும்பிலிருந்து ஒரு கோச்சி விடுவார்களே, உங்களுக்கு அதுதான் உயிர். கல்குடா ஸ்டேசனில் கொடி பிடிக்கிற வேலைதான்; நடப்பு என்னவோ கோச்சிக்கே சொந்தக்காரர் மாதிரி. இறங்குகிற பிள்ளைகளை ஆழத்துக்குப் போகவேண்டாம் என்று அதட்டித்தான் அனுப்புவீர்கள். ஒரு லீவுக்கு அது வரவில்லை. பிறகு எந்தக் கோச்சியும் வரவில்லை.

அப்போதும் வெறும் தண்டவாளத்தில் புல் பிடுங்கினீர்கள். ஊரே உங்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்றது. நானும்தான் சொன்னேன்.

செல்லடி கூடிய மாரியில், ஒளிக்க வெட்டின பங்கர்க் குழிக்கு மேலே போட, தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஏழு சிலிப்பர் கட்டைகளை நானும் என் புருசனும் கழற்றி வந்தோம். வாசலில் நின்று கேட்டீர்கள்:

“கோச்சி வரக்குள்ள எதுக்கு மேல ஓடும், சொல்லுகா?”

“நாங்க உசிரோட இருந்தாத்தானே கோச்சி” என்றேன்.

கண் மூடும் வரைக்கும் என் வாசல் மிதிக்கவில்லை நீங்கள். அந்தக் கட்டைகளுக்குக் கீழேதான் என் மூன்று பிள்ளைகளும் தப்பினார்கள். அதையாவது வந்து சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லாமல் இருந்தேன்?

போன கிழமை பங்கரைப் பிரித்து, கட்டைகளை வண்டிலில் ஏற்றி ஸ்டேசனுக்குக் கொண்டுபோனேன். களவெடுத்தவள் நான்தான் என்று, தண்டவாள வேலையை நடத்துகிற ஓவசியரிடம் சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். போய்ப் பார்த்தால், மதிலோரம் ஆள் உயரத்துக்குச் சிலிப்பர் கட்டைகள்! முக்கால்வாசி ஊர் எனக்கு முன்னமே கொண்டுவந்து போட்டிருக்கிறது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாராமல் போட்டுவிட்டுப் போகிறார்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஓவசியர் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார். “இது பழசம்மா. எங்களுக்குப் புதுசு வந்திட்டு. திருப்பிக் கொண்டு போங்க, பங்கருக்கு உதவும்.”

“வேணாம்” என்றேன். “எனக்கு இனிப் பங்கர் வேணாம்.”

கட்டைகளை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளோடு சேர்ந்து பங்கர்க் குழியை மண் போட்டு மூடினேன். திரும்பச் சண்டை வந்தால் எங்கே ஒளிப்பது என்று மூத்தவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை அண்ணன். ஆனால் தண்டவாளத்தில் இனி நான் கை வைக்கமாட்டேன், வைக்க ஒருத்தரையும் விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் சொல் கேளாத தங்கச்சி,
பூமணி