நீலப் படத்தில் ஐந்து பொட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கீழ்வேளூருக்குக் கூப்பிட்டுக்கொள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் வந்துவிடுவாள். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெரிய நீலப் படம், அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் தஞ்சாவூர்க் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறது. பாரசீக எழுத்தின் வளைவுகளை மட்டும் எடுத்து வரைந்தது. அம்மா அதன்முன் நின்று, "என்னடி எழுதியிருக்க?" என்றாள்.

"எழுத்து மாதிரி இருக்கும்மா, படிக்க முடியாது."

"பட்டம் வாங்குன உன்னாலயுமா?" என்று கேட்டு அப்படிச் சிரித்தாள்.

படம் தேர்வான சந்தோஷத்தில், நான் குளிக்கப் போன நேரம், புது வண்டிக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும் நடுவிலும் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள். துடைத்தால் சிவப்பு இழுகுகிறது. கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ, "இப்பதான் படம் நிறைஞ்சிருக்கு" என்கிறாள்.

கொண்டுபோய்க் காட்டியபோது கண்காட்சி நடத்துகிறவர், "பூஜை ரூம் படமாம்மா இது? பொட்டை அழிச்சாத்தான் மாட்டுவேன்" என்றார். அம்மா வைத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூலைப் பொட்டுகளை நீலத்தால் மூடிவிட்டேன். நடுப்பொட்டுக்குக் கை போகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அதையும் மூடியாக வேண்டும்.

அம்மா கண்காட்சிக்கு வரப் பட்டுப்புடவையை வெயிலில் காட்டி எடுத்து வைத்துவிட்டாள். தன்னோடு நடவுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு படத்துல நான் வச்ச பொட்டும் இருக்கு, போய்ப் பாருங்க" என்கிறாள்.

சீக்கிரம் போன் செய், அக்கா. எனக்கு இல்லை, அவளுக்கு.

உன் தங்கை