பின்கதவில் இரண்டு விரல் இடைவெளி

அண்ணி,

ஐப்பசி மழைக்குக் கொட்டகைக் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் விளக்கெண்ணெயில் ஊறிய தோலின் வாடை முகத்தில் அடித்தது. கோணிகளை விலக்கிவிட்டு மோட்டாரின் இடதுபக்கப் பின்கதவைச் சாத்திப் பார்த்தேன். வழக்கம்போல் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்தே நின்றது. செத்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. உங்களுக்கும் அது தெரியும். நம்பாமலேயே எழுதுகிறேன்.

அண்ணன் இருந்தவரை பாகூரில் அந்தப் பிரெஞ்சு மோட்டாருக்கு இருந்த மரியாதை அவருக்கே இருந்ததில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். அவருக்குப் பிறகு அது கொட்டகையில் நின்றது. பெண்ணையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்த வருஷம் சக்கரம் மூழ்கத் தண்ணீர் நின்றது. மேல்கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாங்கிய அடிச்சட்டம்தான் துருவேறி, கைவைத்தால் பொரிந்து கொட்டியது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றேன்.

"போட்டுட்டு? கமலாவ இன்னாத்துல கூட்டினு வர்றது பாப்பா, உன் புஸ்தகத்துலயா?" என்றீர்கள்.

மகள் கமலாவைப் பிரெஞ்சு எல்லையைத் தாண்டி இங்கிலீஷ் எல்லைக்குள் கொடுத்திருந்தீர்கள். அவளுக்கு அது தலைப்பிரசவம். ஆரம்பத்திலேயே உதிரம் கண்டதால், மாட்டு வண்டியின் குலுக்கல் கூடவே கூடாது, மோட்டாரில் மெதுவாகப் போனால் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வளைகாப்பு முடிந்த கையோடு அவளை இங்கே அழைத்துவந்து, பிரசவத்தை உங்கள் கையால் பார்க்க வேண்டும். அந்த ஒரு பயணத்துக்காகத்தான் நீங்கள் புதுச் சட்டம் கட்டச் சொன்னீர்கள்.

வில்லியனூரிலிருந்து கொல்லர் ஆறுமுகம் வந்தார். கரும்பு ஆலையில் கழித்துப்போட்ட இரும்புகளைக் காய்ச்சி, நீட்டி, துளைபோட்டு ஒரு சட்டம் கட்டினார். வண்டி ஓட்டும் கோவிந்தன் இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்து அதில் பொருத்தினான். ஊர் ஆட்கள் மூங்கில் கொடுத்து மேல்கூட்டைத் தோளில் தூக்க, சட்டத்தை அடியில் உருட்டி விட்டார்கள். "சாமி பொறப்பாடு ஆயிடுச்சி, சூடம் எங்க?" என்று யாரோ கேட்டார்கள். ஆறுமுகம் எல்லா மரையாணிகளையும் முடுக்கினார். கதவுகள் பெட்டி மூடி மாதிரி மூடின. நீங்கள் பின்சீட்டில் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தீர்கள். உங்கள் பக்கத்துக் கதவு மூடவில்லை.

"காலி வண்டில முடுக்கிட்டேம்மா," என்று ஆறுமுகம் தலையைச் சொறிந்தார். "ஆளு ஒக்காந்தா சட்டம் கொஞ்சம் தொய்யும்னு தோணாம போச்சி."

"ஆளுன்னு பொதுவா சொல்லாதபா. நான் ஒக்காந்தான்னு சொல்லு. சரி, நான் எறங்கல, நீ அவுத்து முடுக்கு."

அன்று மத்தியானம் முழுக்க நீங்கள் ஓடாத வண்டியில் உட்கார்ந்திருந்தீர்கள். அவர்கள் மரைகளைத் தளர்த்தி, எண்ணெயில் ஊறிய தோல் துண்டுகளைக் கூட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகி, கதவைச் சாத்திப் பார்த்து, மறுபடி செருகினார்கள். "ரெண்டு வெத்தல குடு பாப்பா, ஊருக்குப் போயிக்கினு இருக்கேன்," என்று ஜன்னல் வழியே கை நீட்டினீர்கள். கடைசியில் கதவு உங்கள் எடைக்கு அமைந்தது. நீங்கள் இருந்தால் மூடும், இறங்கினால் இரண்டு விரல் திறந்துகொள்ளும். பெருத்த உடம்புக்கும் ஒரு வேலை வந்ததே என்று சிரித்தீர்கள்.

வளைகாப்புக்குப் புறப்பட்ட காலையில் மடியில் வளையல் பெட்டி, காலடியில் புளியோதரைத் தூக்கு. இங்கிலீஷ் எல்லைச் சுங்கச் சாவடியில் நிறுத்தினார்கள். அதிகாரி தமிழர்தான், அண்ணன் காலத்திலிருந்தே வண்டியைப் பார்த்தவர். நடுவில் இத்தனை வருஷம் வராத மோட்டார் என்பதால், பழைய வண்டிதானா என்று கேட்டார்.

"அதே வண்டிதாங்க. எங்க வூட்டுக்காரரு வண்டி," என்றீர்கள்.

அவர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் படித்தவர், சொல்லுங்கள், அதே வண்டிதானே?" என்று இங்கிலீஷில் கேட்டார். வழிவிட மனம் வைத்தே கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு தலையசைப்பு போதும். நான், மேல்கூடு அதேதான், அடிச்சட்டம் புதியது என்றேன்.

வண்டியின் எண் பொறிக்கப்பட்டிருந்தது அந்தப் பழைய சட்டத்தில். அது துருவாகக் கொட்டகையில் கிடந்தது. நான் சொன்ன பிறகு அவர் குனிந்து தேடாமல் இருக்க முடியாது. ஆறுமுகத்தின் இரும்பில் எண் ஏது? அப்படியானால் இது புது மோட்டார், மேலிடத்து அனுமதி இல்லாமல் விட முடியாது என்று வருத்தத்தோடுதான் சொன்னார்.

நீங்கள் அவரிடம் கெஞ்சவில்லை. என்னைப் பார்த்தீர்கள். "அவுரு கேட்டது இரும்பயா பாப்பா?" என்றீர்கள். பிறகு இறங்கி, முன்னால் போய்க் கோவிந்தன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

நீங்கள் இல்லாத பின்சீட்டில் கதவு மூடவில்லை. வண்டியைத் திருப்பிப் பாகூர் வந்து சேரும்வரை அதை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அது என் கையை வெளியே இழுத்தது. கோவிந்தன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், நீங்கள் திரும்பவில்லை.

வீட்டில் இறங்கியதும் மாட்டு வண்டி பூட்டச் சொல்லிப் புறப்பட்டீர்கள். வளையல் அடுக்கி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தீர்கள். சொன்ன மோட்டார் வராத வீட்டுக்கு எதை நம்பிப் பெண்ணை அனுப்புவது என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்களாம். அனுமதி வந்தபோது கமலாவை அசைக்கக்கூடாத மாதம் ஆகியிருந்தது. இடித்து வைத்த பிரசவ மருந்தோடு மறுபடியும் மாட்டு வண்டியில் போனீர்கள். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. வலியில் அவள் உங்களைக் கூப்பிட்டாள் என்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன், நீங்கள் சொல்லவில்லை. திரும்பி வந்து, "பொண்ணு பொறந்துக்கீது. உன்ன மாரியே மொறைக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் நீட்டிப் படுத்தீர்கள்.

அதன்பின் ஒருநாளும் அதைப் பற்றி நீங்கள் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வாதாட வசதியாக இருந்திருக்கும். நான் சொன்னது உண்மை. பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் என்னால் முழுதாக நினைக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சாவடியில் நான் உண்மைக்காகப் பேசினேனா, சரியாகச் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்க மாட்டாமல் பேசினேனா என்று கேட்டால், இந்த ஐம்பதை நெருங்கும் வயதிலும் பதில் குளறுகிறது. குற்றம் இல்லை என்று தீர்த்துவிட்ட பிறகும் நெஞ்சு உறுத்துகிறது. இதற்கு என் படிப்பில் பெயர் இல்லை.

இன்று கோணிகளை முழுக்க இழுத்துப் போட்டுவிட்டு உங்கள் இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். மூடவில்லை. எனக்கு அந்த எடை இல்லை. மழை விடும்வரை அதை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது, அண்ணி. கை மட்டும் சாவடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது.